மூன்று புள்ளி வைத்த இரும்பு

நாலு மாதத்துக்கு முன்னால் போத்தனூர் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் பச்சைப் பெயின்ட் எரியும் வாடை அடித்தது. ராணுவப் பச்சை. மற்ற பெயின்ட் எரிந்தால் கண் கரிக்கும், அதோடு சரி. இது தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். முப்பது வருஷம் அந்த வாடையில் நின்றவன் நான். கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன்.

நான் போனது வேறு காரியத்துக்கு. உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவருடைய தேங்காய் ட்ரெய்லருக்கு அச்சு தேடிப் போனேன். எழுபத்தைந்து வயதில் இதெல்லாம் எதற்கு என்று மகன் கேட்கிறான். எனக்குத் தெரிந்தது இதுதான், செத்தால் நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாங்கண்ணா, வாங்க. நல்ல நேரத்துலதான் வந்தீங்க. மிலிட்டரி ஏலத்துல எடுத்த ட்ரெய்லருங்க. அசல் இரும்பு. இந்த மாதிரி இனிக் கெடைக்காதுங்க."

அதன் முன்தண்டைக் கேஸ் கட்டர் வைத்து அறுக்க ஆரம்பித்திருந்தார்கள். இடது மட்கார்டில் ஒரு ஒட்டு இருந்தது. சதுரமாக இல்லாமல் வெற்றிலை போல வளைத்து வெட்டிய ஒட்டு. பணிமனையில் என்னோடு வேலை பார்த்த நீ வைத்தது. ஏன் இப்படி வெட்டினாய் என்று அன்று நான் கேட்டதற்கு, "மூலை வெச்சா மூலையிலிருந்துதான் கிழியும், வாத்தி" என்றாய்.

அதே ட்ரெய்லர். இருபது வருஷத்துக்கு முன்னால் வால்பாறை மலைப்பாதையில் மூக்கு முறிந்த ட்ரெய்லர். நம் இருவரையும் சேர்த்து முறித்துப் போட்ட ட்ரெய்லர்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. நீ செத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக அது தீர வேண்டும் என்று எனக்கு எந்தச் சட்டமும் இல்லை. செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும். நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் விடுவேன்.

ராணுவப் பணிமனையில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் இப்போதும் ஆட்கள் பீரங்கி, துப்பாக்கி என்று கண்ணை விரிக்கிறார்கள். நாம் பார்த்தது ட்ரெய்லர்களை. பள்ளத்தில் இறங்கிய லாரியைத் தூக்கி இழுத்து வருகிற ரெக்கவரி வண்டிகளை. இருவரும் சீருடை இல்லாத சிவில் ஆட்கள். நீ ஐ.டி.ஐ. படித்துச் சான்றிதழோடு வந்தாய். நான் ஆறாம் வகுப்போடு நின்று, லாரிப் பட்டறைகளில் அடிபட்டு, ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் வந்தேன். வண்டிகளோடு வந்த இங்கிலீஷ் கையேடுகளைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினேன். என் எழுத்து அச்சடித்தது போல விழும். அதனால்தான் நீ எனக்கு வாத்தி என்று பெயர் வைத்தாய். கேலிக்கு வைத்த பெயர், பிறகு யார்டு முழுவதும் அதுவே என் பெயராகிவிட்டது.

உன் வேலையை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ரெக்கவரி வண்டியின் விஞ்ச் உருளையில் சுற்றிய கம்பிக் கயிற்றை முழுக்க வெளியே இழுத்துப் போட்டு, கழிவுப் பஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு அதன்மேல் தடவியபடி கடைசி வரை நடப்பாய். எங்காவது பஞ்சு இழை மாட்டி நின்றால் அங்கே ஒரு கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணால் பார்த்தால் தெரியாது. ட்ரெய்லர் வெளியே போய்த் திரும்பியதும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுக்குடத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாய். சூடு சமமாக இல்லாவிட்டால் அன்றைக்கே பேரிங்கைக் கழற்றுவாய். ஓடாமல் நிற்கிற ட்ரெய்லர்களை மாதம் ஒரு தடவை, முதல் திங்கட்கிழமை, பத்தடி முன்னால் தள்ளிவிடுவோம், ஒரே இடத்தில் அழுத்தி பேரிங்கில் தழும்பு விழுந்துவிடக் கூடாது என்று. "ஓடற வண்டிக்கு நோவு வந்தா சொல்லிப்போடும். நிக்கற வண்டி சொல்லாது" என்பாய். பாரம் ஏற்றாத வண்டிக்கு எதற்கு இவ்வளவு என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு நாளும் வண்டி வழியில் நின்றதில்லை. நிற்காத வண்டியைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்? நடக்காமல் போன விபத்துக்கு எந்த அலுவலகத்திலும் ஃபைல் கிடையாது.

ஃபைல் இருந்தது வேறு ஒன்றுக்கு. வருஷா வருஷம் வருகிற பெரிய பரிசோதனைக்கு. அதற்கு ஒரு வாரம் முன்னால் நம் யார்டில் நடக்கும் கூத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. எல்லா வண்டிக்கும் பச்சைப் பெயின்ட். டயர் ஓரத்துக்குக் கறுப்பு. பாதை ஓரக் கல்லுக்கு வெள்ளை. கிரீஸ் ஏற்றுகிற நிப்பிள் வாய்மேலும் பெயின்ட் அடித்து அடைத்துவிடுவார்கள். வண்டி பளபளவென்று நிற்கும், உள்ளே ஒரு சொட்டு கிரீஸ் இறங்காது. நீ பெயின்டர் வருவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு நிப்பிள் மேலும் புளியங்கொட்டை அளவு கிரீஸை அப்பிவிட்டுப் போவாய். பெயின்ட் ஒட்டாது, பிறகு துடைத்தால் வந்துவிடும். ஒரு தடவை பெயின்டர் உன்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஏனுங்க, எம் பொழப்புல கிரீசப் பூசறீங்களே, ஞாயமாங்க?"

"நீ எம் பொழப்புல பெயின்ட் பூசறியே, அது ஞாயமா?"

யார்டே சிரித்தது. ஃபோர்மேன் சிரிக்கவில்லை.

பெயின்ட் வண்டிக்கு மட்டுமில்லை, காகிதத்துக்கும் உண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பராமரிப்பு அட்டை. எப்போது கிரீஸ் வைத்தோம், எதை மாற்றினோம், என்ன குறை கண்டோம் என்று எல்லாம் அதில் ஏற வேண்டும். எண்ணெய்க் கையால் எழுதி எழுதி அட்டை கறுத்துப் போயிருக்கும். பரிசோதனைக்கு வருகிறவர் அழுக்கு அட்டையைத் தொட மாட்டாராம். அதனால் எல்லா அட்டையையும் புதிதாகச் சுத்தமாக எழுத வேண்டும், பழையது டீ பாய்லருக்குப் போக வேண்டும். எழுத்து நன்றாக இருப்பவன் நான். அந்த வேலை என் தலையில்தான் விழும்.

அந்த வருஷம், இந்த ட்ரெய்லரின் அட்டையில் உன் கோழிக்கிறுக்கல் எழுத்தில் சிவப்பு மையால் ஒரு வரி இருந்தது. முன்தண்டின் முனையில், இழுக்கிற வண்டியின் கொக்கியில் மாட்டுகிற வளையம் இருக்கிறதே, அதன் கழுத்தில் விரிசல். மாற்றும்வரை இந்த ட்ரெய்லரை இழுக்கக் கூடாது. வளையத்தில் சிவப்புச் சீட்டும் கட்டித் தொங்கவிட்டிருந்தாய். புது வளையம் வேண்டுமென்று ஃபோர்மேனிடம் நீ சொல்லி மூன்று மாதம் ஆகியும் வரவில்லை.

ஃபோர்மேன் என் மேஜைக்கு வந்தார்.

"வாத்தி, அந்த ஒரு வரிய மட்டும் உட்டுருப்பா."

"அதெப்படீங்க உடறது?"

"ஒரு வண்டி நொண்டின்னா மொத்த யார்டுக்கும் கெட்ட பேரு. பரிசோதனை முடியட்டும், மறுநாளே நீ எழுதிச் சேர்த்துரு. சீட்டையும் கட்டிரு. அது என்ன ஓடிப் போயிருமா?"

விட்டேன். ஆமாம், விட்டேன். அந்த அட்டையை என் கைதான் எழுதியது. அதை நான் ஒரு நாளும் மறைக்கவில்லை.

சிவப்புச் சீட்டை அவிழ்த்தார்கள். வளையத்துக்கு இரண்டு கோட் பச்சை அடித்தார்கள். பரிசோதனை நடந்த அன்று மத்தியானமே மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டதென்று தகவல் வந்தது. பெரிய அதிகாரி அட்டைகளைப் பார்த்தார். எல்லா வண்டியும் தயார் என்று இருந்தது. புல்டோசரை ஏற்றி இந்த ட்ரெய்லரைத்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். நீ அன்று கவிழ்ந்த லாரி ஒன்றைத் தூக்க ரெக்கவரி வண்டியோடு பல்லடம் பக்கம் போயிருந்தாய். நான் பின்கொட்டகையில் ஒரு கியர்பாக்ஸுக்குள் தலையை விட்டிருந்தேன். வெளியே வந்தபோது அந்த இடம் காலி.

ஃபோர்மேனிடம் ஓடினேன். "அது போகக் கூடாத வண்டிங்க. போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க" என்றேன்.

"ஒரு தடவதானப்பா. ஒண்ணும் ஆவாது."

ஆழியாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஆயிற்று. வளையம் கழுத்தோடு முறிந்தது. ட்ரெய்லர் பின்னால் உருண்டது. சக்கரத்துக்கு அடை கொடுக்கக் கட்டையோடு கூட நடந்து வந்த சிப்பாயின் இடது கால் போயிற்று. அதற்கு மேல் உருளவில்லை, ஏனென்றால் பாதுகாப்புச் சங்கிலி பிடித்து நிறுத்தியது. பாதி தேய்ந்திருந்த பழைய சங்கிலியை அதற்கு முந்தின மாதம்தான் யாரும் கேட்காமலே நீ மாற்றியிருந்தாய். பள்ளத்தில் விழாமல் பிழைத்தவர்களில் ஒருவருக்காவது அது தெரியுமா? விசாரணையில் யாராவது அதைக் கேட்டார்களா?

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். இந்தியில் கேட்டார்கள், எழுத்தர் தமிழில் சொன்னார். இரும்பு முறிந்த முகத்தைப் பார்த்ததுமே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. பாதி பழைய துரு, பாதி புது வெள்ளை. விரிசல் பழையது. அப்படியென்றால் அதை யார் கண்டுபிடித்திருக்க வேண்டும்?

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். பழைய அட்டையில் வரி இருந்தது, ஃபோர்மேன் விடச் சொன்னார், நான் விட்டேன், வண்டி போனதும் நிறுத்தச் சொன்னேன், அவர் நிறுத்தவில்லை. பழைய அட்டை எங்கே என்றார்கள். பாய்லரில் எரிந்துவிட்டது என்றேன். எழுத்தரே கொஞ்சம் சிரித்துவிட்டார்.

பிறகு உன்னைக் கூப்பிட்டார்கள். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நீ சொல்லிவிடுவாய் என்று நிம்மதியாக நின்றுகொண்டிருந்தேன்.

"விரிசல் இருந்ததாக அட்டையில் எழுதினீர்களா?"

"இல்லீங்க."

"விரிசலைப் பார்த்தீர்களா?"

"இல்லீங்க. என் கண்ணுல படலீங்க."

ஃபோர்மேனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றார், போய் உட்கார்ந்தார். உனக்குக் கவனக்குறைவு என்று எழுதினார்கள். ரெக்கவரி வண்டிப் பக்கமே போகக் கூடாது என்று டயர் கொட்டகைக்கு மாற்றினார்கள். என் வாக்குமூலத்துக்கு எதிரே என்ன எழுதினார்கள் தெரியுமா? எழுத்தர் வாய்விட்டே சொன்னார்: ஞாபகப் பிசகு. எனக்கு! யார்டில் இருந்த ஒவ்வொரு ட்ரெய்லரின் பேரிங் எண்ணையும் இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவேன். எனக்கு ஞாபகப் பிசகு!

அன்று சாயங்காலம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் உன்னை மறித்தேன்.

"ஏண்டா பொய் சொன்னே?"

நீ பூட்டைத் திறந்துகொண்டே, "போச்சாது உடு, வாத்தி" என்றாய்.

போச்சாது! போனால் போகட்டுமாம்! அதுதான் நாம் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு ஐந்து வருஷம் ஒரே சுற்றுச்சுவருக்குள் இருந்தோம். நீ டயர் எண்ணினாய், நான் அட்டை எழுதினேன். நீ ஃபோர்மேனுக்குப் பயந்துவிட்டாய் என்று நினைத்தேன். அவர் உன்னை எதையாவது காட்டி வளைத்துவிட்டார் என்றும் நினைத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் பேசவில்லை. நீ செத்த அன்று உன் தெருமுனை வரை வந்தேன். பந்தல் தெரிந்தது. அங்கேயே நின்றுவிட்டுக் காந்திபுரம் பஸ் ஏறித் திரும்பிவிட்டேன்.

இப்போது இரும்புக் கடைக்கு வருகிறேன்.

கேஸ் கட்டரின் சூட்டில் முன்தண்டின் பெயின்ட் கொப்பளித்து உரிந்துகொண்டிருந்தது. விசாரணைக்குப் பிறகு பெயின்டும் வெல்டும் படாமல் மூலையில் ஒதுக்கிப் போட்டது, முறிந்த கழுத்து அப்படியே இருந்தது. விரிசலுக்கு விரற்கடை கீழே, உரிந்த பெயின்டுக்கு அடியில், ஒரு புள்ளி தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று.

"நிறுத்துங்கப்பா! அணைங்க அதை!"

"என்னுங்கண்ணா, என்னாச்சு?"

சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துச் சுரண்டினேன். மூன்று புள்ளிகள். ஒரே வரிசையில், சம இடைவெளியில், பஞ்ச் வைத்துச் சுத்தியால் அடித்த ஆழமான குழிகள்.

நம் யார்டில் மூன்று புள்ளி என்றால் என்னவென்று நமக்குத்தான் தெரியும். இனி ஆகாது. கழித்துக் கழற்றிப் போட்ட பொருளை எவனும் எடுத்து மறுபடி மாட்டிவிடாமல் இருக்க, குப்பைத் தொட்டிக்குப் போகும் முன் வைக்கிற அடையாளம். வண்டியில் மாட்டியிருக்கிற பொருளில் யாரும் வைப்பதில்லை, இரும்பில் குத்துவதே அதைக் கெடுப்பது போல. அதனால்தான் எனக்கு அன்று அந்த எண்ணமே வரவில்லை. நீ வைத்திருக்கிறாய். சீட்டை அவிழ்ப்பார்கள், அட்டையை எரிப்பார்கள், இரும்பில் குத்தினால் என்ன செய்வார்கள் என்று வைத்திருக்கிறாய். இரண்டு கோட் பெயின்ட் அதையும் நிரப்பிவிட்டது. குழியின் அடியில் பச்சை இன்னும் இருந்தது. குத்தியது முதலில், பெயின்ட் பிறகு. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்படியென்றால் விசாரணை நடந்த அன்று, அந்த இரும்பு பத்தடி தூரத்தில் கிடந்தபோது, அதைச் சுரண்டிப் பாருங்கள் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பயந்தவன் என்றால் அதைச் சொல்லித்தானே தப்பித்திருப்பான்? நீ ஏன் சொல்லவில்லை?

அந்தத் துண்டை அறுத்து வாங்கி, சாக்கில் சுற்றி, உடுமலையில் மகள் வீட்டில் இருக்கும் உன் மனைவியிடம் கொண்டுபோனேன். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா கதவிலேயே நின்றார்.

"வாங்க. பந்தலுக்கு வராத மனுஷன், இப்ப வழி தெரிஞ்சுதாக்கு?"

தலையைக் குனிந்து உள்ளே போய்ச் சாக்கைப் பிரித்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் இரும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத நான் என்னுங்க பண்றது? புளி இடிக்கறதா?"

"அம்மணி, உங்க வீட்டுக்காரரு மேல தப்பில்லைங்கறதுக்குச் சாட்சிங்க இது."

"அது எனக்கெதுக்குங்க சாட்சி? எனக்கு அன்னிக்கே தெரியுமே. விசாரணை முடிஞ்சு ஊட்டுக்கு வந்ததும் சொன்னாரு. 'அட்டை வாத்தி கையெழுத்துல இருக்குது. வரி இருந்துச்சுன்னு நான் சொன்னா, உட்டது அவன் கைன்னு ஆயிரும். ஃபோர்மேன் தொடச்சுட்டுப் போயிருவான். எனக்குச் சர்டிபிகேட் இருக்குது, கொட்டகைக்குத்தான் தூக்கிப் போடுவாங்க. அவன வெளிய அனுப்பிப்போடுவாங்க. ஒரு காயிதமும் இல்லாத ஆள எவன் வேலைக்கு எடுப்பான்'னாரு."

சாக்கின் நுனியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அவருகிட்ட நாஞ் சொன்னேன், போய் அண்ணங்கிட்டச் சொல்லிப்போடுங்கன்னு. 'சொன்னா அவன் நேரா ஆபீசுக்குப் போயி நாந்தான் உட்டேன்னு மறுபடி நிப்பான், அவனத் தெரியாதா'ன்னாரு. பதினேழு வருஷங்க. ஒரு தடவ வந்து கேட்டிருக்கலாமில்ல நீங்க?"

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது என் தப்பு, அதை நான் வைத்துக்கொள்கிறேன். இப்போது உன் தப்பைக் கேள்.

யார் உன்னைக் கேட்டது? என்னைக் காப்பாற்று என்று நான் எப்போது வந்து நின்றேன்? காகிதம் இல்லாதவன் என்றால் கால் இல்லாதவன் என்று நினைத்தாயா? வெளியே அனுப்பினால் அனுப்பட்டும். நான் லாரிப் பட்டறையில் தொடங்கியவன், அங்கேயே போய் நின்றிருப்பேன். இன்றைக்கும் நின்றுகொண்டுதானே இருக்கிறேன்? நீயும் நானும் அந்த அறையில் ஒரே பேச்சாகப் பேசி, இரும்பைச் சுரண்டிக் காட்டியிருந்தால் ஃபோர்மேன் எப்படித் துடைத்துக்கொண்டு போயிருப்பார்? போனாலும் போயிருக்கட்டும். அந்தச் சிப்பாய், பணிமனையில் ஒருவன் தூங்கிவிட்டதால்தான் தன் கால் போயிற்று என்று நம்பிக்கொண்டு ஊருக்குப் போனானே, அவனுக்கு என்ன பதில் வைத்திருந்தாய்? அடுத்த வருஷமும் அதே பெயின்ட், அதே புது அட்டை. யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, ஏனென்றால் நீ அவர்களுக்கு ஒரு கவனக்குறைவான மெக்கானிக்கைக் கொடுத்துவிட்டாய். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. ஆயிரம் விரிசலைக் கண்டுபிடித்தவன், இந்த ஒரு விரிசல்மேல் நீயே பெயின்ட் அடித்தாய்.

உன் மனைவி தடுத்தும் கேட்காமல் இரும்பை நம் பணிமனை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். இப்போது கண்ணாடிக் கதவெல்லாம் போட்டிருக்கிறார்கள். மேஜையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஐயா, அந்தக் காலத்து ஃபைலெல்லாம் இப்ப இல்லீங்களே. எதுல போயித் திருத்தறதுங்க?"

"இதுல ஒரு மனுஷனோட நல்ல பேரு இருக்குதுங்க."

அவர் இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேணும்னா ஒண்ணு பண்ணலாமுங்க. வரவேற்பறையில பழைய சாமானெல்லாம் வெச்சிருக்கோம். நல்லா பெயின்ட் அடிச்சுக் குடுத்தீங்கன்னா இதையும் வெக்கலாம்."

சாக்கைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அங்கே இன்னும் இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் அவர் மேஜைமேல் அதைப் போட்டிருப்பேன்.

இப்போது அது என் பட்டறையில் அலமாரி மேல் இருக்கிறது. முறிந்த முகம் துருப்பிடித்துவிடக் கூடாது என்று மாதத்தின் முதல் திங்கட்கிழமை எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். நீ போட்ட முறைதான், முதல் திங்கள். இரண்டு குழிகளைத் துடைப்பேன். மூன்றாவதைத் தொடுவதில்லை. அதற்குள் அந்தப் பச்சை இருக்கட்டும். என்றைக்காவது ஒருவன் வந்து கேட்டால் சாவியைக் கொடுத்து, நீயே சுரண்டிப் பார் என்பேன்.

அதன் அடியில் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். கோடு போட்டு, கட்டம் போட்டு, நம் பழைய அட்டை மாதிரியே நானே வரைந்தது. ட்ரெய்லர் எண், தேதி, எல்லாம் ஞாபகத்திலிருந்து. பிசகில்லாத ஞாபகத்திலிருந்து. குறை என்ற கட்டத்தில் சிவப்பு மையால் எழுதினேன்: வளையத்தின் கழுத்தில் விரிசல், மாற்றும்வரை இழுக்கக் கூடாது. கண்டவர் என்ற இடத்தில் உன் முழுப் பெயர். அட்டை எழுதியவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

எழுத்து முன்போல அச்சாக விழவில்லை. எழுதி முடிப்பதற்குள் கட்டைவிரல் எண்ணெய் பட்டு ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. புதிதாக இன்னொன்று எழுத மாட்டேன்.